அடுப்புச் சுவர் டைல்ஸும் சிம்னியும்: வேலை தொடங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

புது வீடு கட்டுகிறவர்கள், ஃப்ளாட் வாங்கி உள்வேலை செய்கிறவர்கள், இருபது வருஷப் பழைய சமையலறையைப் புதுப்பிக்கிறவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். நம் ஊர்ச் சமையலறையை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். தினமும் தாளிப்பு, வாரத்துக்கு இரண்டு நாளாவது மீன் அல்லது கறி, மழை நாளில் பஜ்ஜி என்று ஓடும் சமையலறைக்கு வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துத் திட்டம் போட்டால் சரிப்படாது.

முதலில் டைல்ஸா, சிம்னியா?

சிம்னி. அதாவது, உடனே வாங்கி வைக்க வேண்டியதில்லை, ஆனால் எந்த மாடல், எந்த இடம், புகை எந்தச் சுவர் வழியாக வெளியே போகும் என்பதை டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இங்கே வழக்கமாக நடப்பது நேர் எதிர். டைல்ஸ் ஒட்டி, இணைப்புகளை அடைக்கும் கிரவுட் போட்டு, கப்போர்டும் மாட்டிய பிறகு சிம்னிக்காரர் வருகிறார், பளபளவென்றிருக்கும் சுவரில் ஆறு அங்குல ஓட்டை போட வேண்டும் என்கிறார், பிளக் பாயிண்ட் தப்பான இடத்தில் இருக்கிறது, அப்புறம் எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்குகிறது. இத்தனையும் பூச்சு வேலை நடக்கும்போதே ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்காது.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று. பூசிய சுவரில், டைல்ஸ் ஒட்டும் முன், சாக்பீஸால் நிஜ அளவில் வரைந்து பாருங்கள். மேடையின் கோடு, அடுப்பின் அகலம், பர்னரின் நடுப்புள்ளி, அங்கிருந்து தூக்குக் குண்டு விட்டு மேலே ஒரு நேர்க்கோடு, சிம்னியின் அடிப்பகுதி, குழாய் வெளியேறும் வட்டம், பக்கத்துக் கப்போர்டு, ஒவ்வொரு பிளக் பாயிண்டும். வரைந்த பிறகு தினமும் சமைக்கிறவரை அங்கே நிற்கச் சொல்லுங்கள். கை நீட்டட்டும், குனியட்டும், இல்லாத வாணலியைக் கிளறட்டும். நெற்றி எங்கே இடிக்கும், சாதம் கொதிக்கும்போது எந்த ஸ்விட்ச்சில் ஆவி அடிக்கும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு அந்தச் சுவரைப் போனில் படம் எடுத்து மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன், கார்பெண்டர் மூவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

வாஸ்துப்படி அக்கினி மூலையில், கிழக்கு பார்த்து அடுப்பு. அங்கே ஜன்னல் இருக்கிறதே?

நம்மூரில் நிறையப் பேருக்கு இதே பிரச்சினை. தென்கிழக்கு மூலையில் கிழக்குப் பார்த்து நின்று சமைக்க வேண்டும், வெளிச்சத்துக்காக அதே கிழக்குச் சுவரில் ஜன்னலும் வைத்திருப்பார்கள். சிம்னியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஐந்தேகால் அடி சுமாருக்கு வரும், ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் பெரும்பாலும் ஏழடியில் இருக்கும். அதனால் சிம்னி ஜன்னலின் குறுக்கே வந்து நிற்கும், மாட்டுவதற்குச் சுவரே இருக்காது.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஜன்னலை இரண்டு அல்லது மூன்று அடி பக்கவாட்டில் நகர்த்துங்கள். கிழக்குச் சுவரே போதும், ஜன்னலும் அடுப்பும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். கட்டி முடித்த வீடு என்றால் ஜன்னலில் பாதியைச் செங்கல் வைத்து அடைப்பதா, அடுப்பை அதே சுவரில் தள்ளி வைப்பதா என்று பாருங்கள். ஜன்னலை அப்படியே விட்டு அதன் நேர் கீழே அடுப்பை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். காற்று அடித்தால் தீ அலைபாயும், சிம் பண்ணி வைத்த பர்னர் அணைந்தே போகலாம், எழும் புகையும் சிம்னிக்குப் போகாமல் உங்கள் முகத்துக்கு வரும்.

சிம்னி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

அடுப்பின் மேல்தட்டிலிருந்து 26 முதல் 30 அங்குலம் என்பது பொதுவான அளவு. உங்கள் மாடலின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே முடிவானது, ஏனென்றால் சாய்ந்த கண்ணாடி வைத்த மாடல்களுக்கும் நேரான மாடல்களுக்கும் அளவு மாறும். அதைவிடக் கீழே இறக்கினால் எண்ணெய் பிடித்த ஃபில்டரில் தீ பிடிக்கும் ஆபத்து, மேலே ஏற்றினால் புகை பக்கவாட்டில் தப்பிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அளவை மேடையிலிருந்து எடுக்கக் கூடாது, அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும். மேடை 34 அங்குலம், அதன்மேல் வைக்கும் சாதாரண அடுப்பு ஒரு 5 அங்குலம், மேலே 28 விட்டால் சிம்னியின் அடிப்பகுதி 67 அங்குலத்தில் வரும். அதே மேடையில் குழித்துப் பதிக்கிற ஹாப் என்றால் 63, 64 அங்குலத்திலேயே முடிந்துவிடும். ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கு முதல் கணக்கில் ஸ்விட்ச் எட்டவே சிரமம், ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள மகனுக்கு இரண்டாவது கணக்கில் நெற்றி இடிக்கும். சாக்பீஸ் கோடு போடச் சொன்னதே இதற்காகத்தான்.

60 செ.மீ. போதுமா, 90 வேண்டுமா? எத்தனை ‘சக்‌ஷன்’?

அடுப்பைவிடச் சிம்னி குறுகலாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. இரண்டு பர்னருக்கு 60, மூன்றுக்கு 75 அல்லது 90, நான்குக்கு 90.

சக்‌ஷனில் கடைக்காரர் 1500, 1600 என்று ஏற்றிக்கொண்டே போவார். மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்பதுதான் அந்த எண். 10 அடிக்கு 8 அடி, 10 அடி உயரமுள்ள சமையலறையின் கொள்ளளவு 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். அந்தக் காற்றை மணிக்கு 15 தடவை மாற்ற வேண்டும் என்று வைத்தாலும் 340 கன மீட்டர்தான் வருகிறது. குழாயில் ஏற்படும் இழப்புக்கும் நம் மிளகாய் நெடிக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், அப்போதும் 700. மூடிய சமையலறைக்கு 1000 முதல் 1200 போட்ட சிம்னி தாராளம். ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை என்றால் மட்டும் மேலே போகலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைவிடக் குழாய் எப்படிப் போகிறது என்பதே நிஜத்தில் எவ்வளவு இழுக்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

குழாய் விஷயத்தில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது என்பேன். பெரும்பாலான சிம்னிகளின் வாய் ஆறு அங்குலம். வெளியே நாலு அங்குல ஓட்டைதான் இருக்கிறது என்று ரெட்யூசர் போட்டுக் குறுக்கிவிடுகிறார்கள். ஆறு அங்குல வட்டத்தின் பரப்பு நாலு அங்குல வட்டத்தைவிட 2.25 மடங்கு, ஆகவே காற்று போகும் வழியில் பாதிக்கு மேல் அடைத்துவிட்டு நிற்கிறோம். சத்தம் கூடும், இழுவை குறையும், மோட்டார் சூடாகும். வாய் எந்த அளவோ அதே அளவுக் குழாய் கடைசி வரை போக வேண்டும்.

அடுத்தது வளைவுகள். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். ஒரு வளைவோடு வெளியே போனால் அருமை, இரண்டு வரை பொறுத்துக்கொள்ளலாம். சிம்னியோடு வரும் வெள்ளி நிற மடிப்புக் குழாயை நன்றாக இழுத்து நீட்டிப் பொருத்தச் சொல்லுங்கள், மிச்சமிருப்பதைச் சுருட்டி கப்போர்டுக்குள் திணிக்க விடாதீர்கள். அந்த மடிப்புகளில்தான் எண்ணெய் தேங்கும். தூரம் அதிகம் என்றால் மடிப்புக் குழாயை விட்டுவிட்டு உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் நேர்க்குழாய் போடுவது நல்லது. மொத்த நீளம் பத்தடிக்குள் முடிந்தால் நிம்மதி.

வெளிமுனையில் மூடி கட்டாயம். காற்று வெளியே தள்ளும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் பட்டை வைத்த மூடியாகப் பாருங்கள். இல்லாவிட்டால் சாரல் மழையும் பல்லியும் உள்ளே வரும், அணிலோ குருவியோ கூடு கட்டிவிட்டால் இன்னும் வேதனை.

ஃப்ளாட்டில் இருக்கிறவர்கள் வெளிச்சுவரில் ஓட்டை போடும் முன் அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகை வெளியேறும் இடத்தில் பக்கத்து வீட்டின் படுக்கையறை ஜன்னலோ துணி காயப்போடும் கொடியோ இருக்கிறதா என்று வெளியே போய் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் உங்கள் கருவாட்டுக் குழம்பை முகர வேண்டியிருந்தால் சண்டை நிச்சயம், அதில் நியாயமும் அவர் பக்கம்தான்.

ஓட்டையை எப்போது, எப்படிப் போட வேண்டும்?

டைல்ஸ் ஒட்டும் முன், வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் மெஷினால். சுத்தியலும் உளியும் வைத்து உடைத்தால் சுவர் அதிர்ந்து சுற்றிலும் பூச்சு விடும். பீம், தூண், லிண்டல் மூன்றிலும் கை வைக்கவே கூடாது, கம்பி அறுபட்டால் அது கட்டடத்தின் பலத்தில் கை வைத்த மாதிரி. எங்கே பீம் ஓடுகிறது என்று தெரியாவிட்டால் கட்டியவரிடமோ பொறியாளரிடமோ வரைபடம் கேளுங்கள். ஓட்டை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே வடியாது. குழாயைச் சொருகிய பின் சுற்றியுள்ள இடைவெளியை வெளிப்பக்கமும் அடைக்கச் சொல்லுங்கள், இதை மறந்துவிட்டு அடுத்த மழைக்கு ஓதம் என்று புலம்புகிறவர்கள் அதிகம்.

குழாயே இல்லாத சிம்னி வாங்கலாமா?

வேறு வழியே இல்லையென்றால் மட்டும். அது கரி ஃபில்டர் வழியாகக் காற்றை வடித்து மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும். வாசனை கொஞ்சம் குறையும், ஆனால் சூடும் ஈரமும் எங்கும் போகாது. கரி ஃபில்டரைக் கழுவி மறுபடி பயன்படுத்த முடியாது, சில மாதங்களுக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும்.

பேஃபிள், ஃபில்டர்லெஸ், ஆட்டோ கிளீன்... எது?

வலை ஃபில்டர் நம் எண்ணெய்க்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பேஃபிள் என்பது வளைந்த தகடுகள் வைத்தது, காற்று வளைந்து வளைந்து போகும்போது கனமான எண்ணெய்த் துளிகள் தகட்டில் மோதி வடிந்துவிடும், கழற்றிக் கழுவவும் சுலபம். ஃபில்டர்லெஸ் மாடலில் எண்ணெய் ஒரு கிண்ணத்தில் சேரும், கழுவ வேண்டியது குறைவு.

ஆட்டோ கிளீன் என்றால் பல மாடல்களில் உள்ளே ஒரு ஹீட்டர் சூடேறி எண்ணெயை இளக்கிக் கிண்ணத்துக்கு வடிய விடும். உதவிதான், ஆனால் அது இருப்பதால் கழுவவே வேண்டாம் என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். கிண்ணத்தைக் காலி செய்யாமல் விட்டால் ஒருநாள் அந்தப் பழுப்பு எண்ணெய் சொட்டுச் சொட்டாக அடுப்பின் மேலேயே விழும். பேஃபிளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் போதும். அலுமினிய வலையாக இருந்தால் காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், உலோகத்தை அரித்துவிடும்.

அடுப்புக்குப் பின்னால் எந்தப் பொருள் நல்லது?

என் தேர்வு, வழவழப்பான மேற்பரப்புள்ள டைல்ஸ். செராமிக் சுவர் டைல்ஸே போதும், பின்சுவரில் யாரும் நடக்கப் போவதில்லை. கரடுமுரடான கல் மாதிரி டைல்ஸ், மேடு பள்ளம் வைத்த டைல்ஸ் எல்லாம் ஷோரூம் விளக்கில் அழகாக இருக்கும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுக்காக நிற்கும். பல் துலக்கும் பிரஷ் வைத்துச் சுரண்டப் போகிறவர் யார் என்று யோசித்து வாங்குங்கள்.

மேடைக்குப் போட்ட கிரானைட்டையே சுவரிலும் ஏற்றலாம், இணைப்புகள் குறைவு, உழைக்கும். அடர்நிறம் என்றால் சமையலறை கொஞ்சம் இருட்டாகும். குவார்ட்ஸ் பலகையில் ரெசின் என்ற பிசின் கலந்திருப்பதால் பர்னருக்கு மிக அருகில் சூடு பட்டு நிறம் மாறலாம், அடுப்புக்கு நேர் பின்னால் வேண்டாம். நிறக் கண்ணாடி துடைக்க மிகச் சுலபம், இணைப்பே கிடையாது, ஆனால் டஃபண்ட் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். அதை ஒருமுறை பதப்படுத்திவிட்டால் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, பொடிப்பொடியாக உடைந்துவிடும். ஆகவே பிளக் பாயிண்ட், சிம்னி ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் அளவு முதலிலேயே கொடுத்தாக வேண்டும்.

ஒட்டி உரிக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர், பி.வி.சி. ஷீட், அக்ரிலிக் இவற்றை அடுப்புக்குப் பின்னால் போட வேண்டாம். அகலமான வாணலி வைத்தால் தீ பக்கவாட்டில் சுவரை நோக்கித்தான் வரும்.

டைல்ஸ் எவ்வளவு உயரத்துக்கு? எந்த அளவு?

மேடையிலிருந்து மேல் கப்போர்டின் அடிவரை, வழக்கமாக இரண்டடி. அடுப்புக்குப் பின்னால் மட்டும் சிம்னியைத் தாண்டி, முடிந்தால் கூரை வரைக்கும் ஏற்றிவிடுங்கள், பெயிண்ட் அடித்த துண்டு ஒன்று நடுவில் விட்டால் அங்கேதான் முதலில் மஞ்சள் பூக்கும்.

அளவை உயரத்துக்குப் பொருந்துகிற மாதிரி எடுங்கள். இரண்டடி உயரத்துக்கு ஒன்றுக்கு ஒன்றரை அடி டைல்ஸை நிற்க வைத்தால் மேலே அரையடித் துண்டு வெட்டி ஒட்ட வேண்டிவரும். அதையே படுக்க வைத்தால் இரண்டு வரிசையில் கச்சிதமாக முடியும். ஒன்றுக்கு இரண்டடி டைல்ஸ் என்றால் நிற்க வைத்தாலே போதும், குறுக்கு இணைப்பே வராது. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள், பெட்டிகளில் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள், வேலை முடிந்ததும் மிச்சமான நாலைந்து டைல்ஸைப் பரணில் போட்டு வையுங்கள். நாளைக்கு ஒரு குழாய் ஒழுகி உடைக்க வேண்டிவந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

காபி கோப்பை, பழக்கூடை படம் போட்ட ஹைலைட்டர் டைல்ஸ் பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துப் போடுங்கள். பாதிப் படத்தைச் சிம்னி மறைத்துவிட்டு மீதிப் படத்தில் ஸ்விட்ச் பாக்ஸ் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ வீட்டில் பார்க்கிறோம்.

இணைப்புகளில் மஞ்சள் கறை பிடிக்காமல் இருக்க?

எபாக்ஸி கிரவுட், அதாவது சிமெண்டுக்குப் பதில் ரெசினால் ஆனது. அடுப்புச் சுவரில் செலவைக் கூட்ட வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பேன். வெள்ளைச் சிமெண்டும் சாதாரண கிரவுட்டும் நுண்துளைகள் உள்ளவை, மஞ்சள்தூளும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே இறங்கினால் எந்த லிக்விடும் எடுக்காது. எபாக்ஸி உறிஞ்சாது. விலை பல மடங்கு அதிகம், ஆனாலும் அடுப்புச் சுவர் என்பது மொத்தமே இருபது முப்பது சதுர அடிதான்.

மேஸ்திரிகளில் பலர் டைல்ஸை இடைவெளியே இல்லாமல் ஒட்டி வெள்ளைச் சிமெண்ட் தடவ விரும்புவார்கள், வேலை சீக்கிரம் முடியும். எபாக்ஸி உள்ளே இறங்க 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஸ்பேசர் வைத்து ஒட்டச் சொல்லி முதல் டைல்ஸ் ஒட்டும்போதே கூட நில்லுங்கள். எபாக்ஸி கலந்த பிறகு வேகமாக இறுகும், டைல்ஸ் மேல் படிந்ததை உடனுக்குடன் ஸ்பாஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும், மறுநாள் துடைக்கலாம் என்று விட்டால் மங்கலான படலம் நிரந்தரமாக நின்றுவிடும். எபாக்ஸி வேலை பழகியவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நிறத்தில் தூய வெள்ளையைத் தவிர்த்து இளஞ்சாம்பலோ மண்நிறமோ எடுத்தால் இன்னும் நிம்மதி.

சிமெண்ட் வைத்து ஒட்டுவதா, பசையா? பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே ஒட்டலாமா?

செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும், அதனால் சிமெண்டில் பிடிக்கும். விட்ரிஃபைடு டைல்ஸ் ஏறக்குறைய உறிஞ்சாது, சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் சில வருஷத்தில் கழன்று வரும். அதற்குப் பசைதான். பையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணையும், எந்த வகை டைல்ஸுக்கு என்பதையும் பாருங்கள்.

பழைய டைல்ஸ் மேல் ஒட்டலாம், ஒரு நிபந்தனையோடு. நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள், ‘டொக் டொக்’ என்று உள்ளே காலியாகக் கேட்பதை எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகக் கழுவி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டவென்றே வரும் பசையைப் போட வேண்டும். சுவர் அரை அங்குலம் வரை முன்னால் வரும், ஸ்விட்ச் பாக்ஸையும் அதற்கேற்ப முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். பாதிக்கு மேல் காலிச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் உடைத்துவிடுங்கள்.

மேடையும் டைல்ஸும் சேரும் மூலையில் எப்போதும் விரிசல் விடுகிறதே?

அங்கே கிரவுட் வேண்டாம், பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் போடுங்கள். கல்லும் சுவரும் வேறு வேறு மாதிரி அசையும், இறுகிய பொருள் எதைப் போட்டாலும் விரியும், விரிந்த வழியே தண்ணீர் இறங்கிக் கீழே கப்போர்டு ஊறும்.

பிளக் பாயிண்ட் எங்கே வைப்பது?

சிம்னிக்கு ஏழடி உயரத்துக்குப் பக்கத்தில், சிம்னியின் மேல் உறைக்கோ கப்போர்டுக்கோ உள்ளே மறைகிற மாதிரி, ஆனால் குழாயில் இடிக்காமல். எர்த் இருக்க வேண்டும். அதன் ஸ்விட்ச் மட்டும் கை எட்டும் உயரத்தில் தனியாக இருக்கட்டும். ஹாப்பில் தானியங்கிப் பற்றவைப்புக்குக் கரண்ட் தேவைப்பட்டால் மேடைக்குக் கீழே இன்னொரு பாயிண்ட். மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் பாயிண்டுகள் அடுப்பிலிருந்தும் தொட்டியிலிருந்தும் இரண்டடியாவது தள்ளி இருந்தால் நல்லது. ஒயர் போகச் சுவரில் காடி வெட்டும் வேலை எல்லாம் டைல்ஸுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

டைல்ஸ் ஒட்டிய பின் சிம்னியை மாட்டும்போது விரிசல் விடுமா?

டைல்ஸ் துளைக்கும் பிட் போட்டு, ஹேமர் இல்லாமல் மெதுவாகத் துளைத்தால் விடாது. வழுக்காமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம், டைல்ஸைத் தாண்டிய பிறகு ஹேமர் போடலாம். இதைவிட முக்கியம், சுவர் எதனால் ஆனது என்று சொல்லிவிடுவது. இப்போதைய ஃப்ளாட்டுகளில் இலேசான வெள்ளை பிளாக் சுவர்கள்தான் அதிகம், பெட்டியோடு வரும் சாதாரண பிளக் அதில் பிடிக்காமல் நாளடைவில் தளரும். அதற்கென்று இருக்கும் நீளமான ஆங்கர் வாங்கி வையுங்கள். பத்துப் பதினைந்து கிலோ எடை, கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே தொங்குகிறது.

எக்ஸாஸ்ட் ஃபேனையும் சேர்த்து ஓட்டலாமா? கேஸ் கசிந்தால் சிம்னி போட்டு வெளியேற்றலாமா?

எக்ஸாஸ்ட் ஃபேனைச் சமையல் முடிந்த பிறகு ஓட்டுங்கள், ஒரே நேரத்தில் இரண்டும் ஓடினால் ஒன்றின் காற்றை இன்னொன்று இழுக்கும். சிம்னி ஓடும்போது எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தால்தானே இழுக்கும். கேஸ் கீசர் அதே அடைத்த இடத்தில் இருந்தால் இது உயிர் விஷயம். வெளியே போக வேண்டிய கீசரின் புகையைச் சிம்னி உள்ளே இழுத்துவிடும், அதில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கலாம்.

கேஸ் வாடை வந்தால் சிம்னியைத் தொடவே கூடாது. சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, தரையோடு படியும், மேலே இருக்கும் சிம்னியால் அதை எடுக்க முடியாது. ஸ்விட்ச் போடும்போது எழும் சிறு பொறியே போதும், பற்றிக்கொள்ளும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எந்த ஸ்விட்ச்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். சிம்னி வேலை நடக்கும்போதே ரப்பர் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பார்த்துவிடுங்கள், ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்ற வேண்டும்.

வாடகை வீடு, ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. என்ன செய்வது?

ஏற்கெனவே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு விட்ட ஓட்டை இருக்கிறதா பாருங்கள், பல வீடுகளில் சிம்னிக் குழாயை அதன் வழியாகவே விட்டு மிச்ச இடத்தைப் பலகை வைத்து அடைத்துவிடலாம், காலி செய்யும்போது ஃபேனைத் திரும்ப மாட்டிக் கொடுத்தால் முடிந்தது. அதுவும் இல்லையென்றால் ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனும், அடுப்புக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் போதும். தகட்டை எடுத்துக் கழுவலாம், வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம்.